பட்டியலில் ஒரே ஒரு ஜக்கம்மாள்

4-7-94, திங்கள்

இன்றும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பதினோரு வருஷமாக இந்தச் சங்கத்தில் மேலாளர் நான். செயலாளர் ஜான்ராஜ் சார் அறைக்கே செருப்போடு போகிறவள். ஆனால் எனக்குக் கீழே வேலை பார்க்கிற ஈவாவும் கிறிஸ்டோபரும் உட்கார்ந்திருக்கிற அறைக்கு வெறுங்காலோடு போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். திருச்சுழியில் தூசி இல்லாத இடம் எங்கே இருக்கிறது? இந்தக் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து சோற்றிலேயே போடுகிறது. அந்த அறைக்கு மட்டும் ஏ.சி., கதவில் திரைச்சீலை, வெளியே ஒரு மிதியடி. என் தலைக்கு மேலே ஒரு காத்தாடி. வேகமாக வைத்தால் பேப்பர் பறக்கிறது, மெதுவாக வைத்தால் வேர்க்கிறது.

இரண்டு பேருமே மரியாதையான பிள்ளைகள். அதுதான் கஷ்டம். திட்டக் காரணம் கிடைப்பதில்லை. ஈவாவுக்கு இருபத்து மூன்று வயது, பந்தல்குடியில் வீடு. அப்பா லாரி ஓட்டினவர், கால் போனபிறகு வீட்டோடு இருக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. டிசம்பர் வரை ஒப்பந்தம், அதற்குப் பிறகு நிரந்தரம் செய்வதாக ஜான்ராஜ் சார் சொல்லியிருக்கிறார், என் சிபாரிசின் பேரில். கிறிஸ்டோபர் அருப்புக்கோட்டைக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

8-7-94, வெள்ளி

இந்தப் பருவம் மானாவாரிக் குடும்பங்களுக்குச் சோளமும் உளுந்தும் விதைப் பையாகக் கொடுக்கப் போகிறோம். முப்பத்து நாலு ஊர். பை பெண்கள் பெயரில்தான். அதற்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு படிவம் தயார் செய்து கொண்டுவந்தாள் ஈவா.

“வேற என்ன கட்டம் வேணும்னு பாத்துச் சொல்லுங்க மேடம். அப்புறம் மாத்த முடியாது, புரோகிராம் எழுதணும்.”

புள்ளி புள்ளியாக அச்சான மங்கல் எழுத்து. என் கண்ணாடி பாளையம்பட்டியில் வீட்டு மேஜை மேல் இருந்தது. அதை அவளிடம் சொல்லப் பிடிக்கவில்லை. காகிதத்தை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு, “பாத்துட்டேன், சரியா இருக்கு” என்றேன்.

நாளைக்குக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

25-7-94, திங்கள்

படிக்கவில்லை. அச்சுக்குப் போய்விட்டது.

9-8-94, செவ்வாய்

காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தினமும் கரண்ட் போகிறது. கிறிஸ்டோபர் ஒரு யோசனையோடு வந்தான். ஏழு மணிக்கே வந்து மூன்றரைக்குப் போகிறார்களாம், வேலை இரண்டு மடங்கு நடக்குமாம். வருகைப் பதிவேடு ஒன்பதரைக்குத்தான் திறக்கும் என்று சொல்லிவிட்டேன்.

“பதிவேட்டுக்கு வேலை பாக்குறோமா மேடம், வேலைக்குப் பதிவேடா?”

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? அவன் சொன்னது சரி. சரி என்பதாலேயே மாட்டேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து நினைத்து எரிச்சல். ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று வாங்கத் தோன்றவில்லை. நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லிவிடலாமா? சொன்னால் தோற்றுப்போன மாதிரி இருக்கும். யாரிடம் தோற்றேன், அதுவும் தெரியவில்லை.

12-8-94, வெள்ளி

சாப்பாட்டு வேளையில் இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள். மெதுவாக உள்ளே போய் ஒரு எழுத்தைத் தொட்டேன், தொட மட்டும்தான் செய்தேன். உடனே பக்கத்துப் பெட்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன், போலீசைக் கண்டவள் மாதிரி. கிறிஸ்டோபர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“கரண்டு இப்பவும் போயிருச்சு, போனா அது கத்தும் மேடம். நீங்க ஒண்ணும் பண்ணல.”

சாயங்காலம் டீக்கடையில் அந்தக் கதையை அவன் நடித்துக் காட்டினானாம். பியூன் சொன்னார். ஈவா சிரிக்கவில்லை என்றும் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது எனக்கு. பரிதாபப்படுகிறாளோ?

12-9-94, திங்கள்

நிதி கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். போன வருஷம் ஒரே வீட்டுக்கு இரண்டு பை போய்ப் பெரிய புகார். காலையிலேயே ஜான்ராஜ் சார் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு பேரு ரெண்டு தடவை வரக்கூடாது மேடம். வியாழக்கிழமை பட்டியல் என் மேஜைல இருக்கணும். இத்தனை லட்சத்துல கம்ப்யூட்டரு வாங்கியும் தாமதம்னா எனக்கு முகம் இல்ல.”

அந்தச் சூட்டோடு வெளியே வருகிறேன், ஈவா நிற்கிறாள்.

“மேடம், மேலக்கரிசல்பட்டியில ஒரே பேரு பத்தொன்பது தடவை வருது. ஜக்கம்மாள், வீட்டுக்காரர் பேரு மொக்கையன். ஆளு வேற வேறயா, இல்ல கணக்கெடுக்கப் போனவுக ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப எழுதிட்டாகளான்னு தெரியல. நேருல போயிப் பாத்துட்டு வாரேன். ரெண்டு நாள் போதும்.”

ரெண்டு நாளா? இன்றைக்குத் திங்கள்.

“ஒரே பேரு, ஒரே புருஷன், ஒரே ஊரு. இதுக்கு மேல என்ன பாக்கணும்? ஒண்ணை வச்சுட்டு மிச்சத்தை எடு. இதையும் நான்தான் சொல்லணும்னா கம்ப்யூட்டர் எதுக்கு?”

“நெசமாவே எடுத்துரவா மேடம்?”

“எடு.”

போய்விட்டாள். கம்ப்யூட்டர் அறைக்காரர்களிடம் என் வார்த்தை எடுபட்ட முதல் நாள் இது. கிறிஸ்டோபர் கூடத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.

15-9-94, வியாழன்

வெளிநாட்டுக்காரர்கள் வந்து போனார்கள். பிரிண்டரிலிருந்து பட்டியல் நீளநீளமாக மடிந்து இறங்குவதைப் பார்த்து “வெரி குட்” என்றார்கள். ஜான்ராஜ் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

3-10-94, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மேலக்கரிசல்பட்டியில் இன்று விதை வழங்கினோம். கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் ஜீப்பை நிறுத்திக் கிறிஸ்டோபர் பெயர்களை வாசித்தான். “ஜக்கம்மாள், கணவர் மொக்கையன்” என்றான்.

பத்தொன்பது பேர் எழுந்தார்கள்.

ஒரு பைதான் இருந்தது. முதலில் சிரிப்பு, பிறகு முணுமுணுப்பு. நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத விஷயமா இது? அந்த ஊரில் தலைச்சன் பெண் பிறந்தால் ஜக்கம்மாள், தலைச்சன் ஆண் பிறந்தால் மொக்கையன். குலசாமிக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பேர். உள்ளூருக்குள்ளேயே, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுப்பார்கள். கையால் பட்டியல் எழுதின வருஷங்களில் ஒவ்வொரு ஜக்கம்மாளுக்கும் பக்கத்தில் ஊரார் கூப்பிடுகிற பட்டப்பேரையும் நானே எழுதியிருக்கிறேன், கிணத்து வீட்டு ஜக்கம்மா, பட்டாளத்து ஜக்கம்மா என்று. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் வேண்டுமா என்று அவள் கேட்டாள். பாத்துட்டேன் என்றேன். பிறகு மறுபடியும் கேட்டாள். எடு என்றேன்.

கிணத்து வீட்டு ஜக்கம்மாள்தான் பேசினாள். கட்டையான ஆள், ஐம்பது வயதிருக்கும்.

“இந்த ஒரு பை எந்த ஜக்கம்மாளுக்குன்னு சொல்லிட்டுப் போங்க ஆபீசம்மா. நாங்களா ஒருத்திக்கு எடுத்துக் குடுத்தா நாளைக்கு ஊருக்குள்ள வெட்டுக்குத்து.”

யாரும் வாங்கவில்லை. அந்த ஒரு பையும் ஜீப்பிலேயே திரும்பி வந்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதோ இல்லையோ. மழை விழுந்து விதை கையில் இல்லையென்றால் அந்தப் பத்தொன்பது வீட்டுக்கும் இந்த வருஷம் காடு தரிசுதான்.

4-10-94, செவ்வாய்

ஜான்ராஜ் சார் மூன்று பேரையும் கூப்பிட்டார். ஊரிலிருந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“பேரை எடுத்தது யாரு?”

“நான்தான் சார்” என்றாள் ஈவா.

அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். மேடம் சொன்னாங்க. இரண்டே வார்த்தை. அவள் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சொல்ல வேண்டியது நானென்று விட்டுவிட்டாள் போல. என் நாக்கு அசைந்தது, அசைந்து என்ன சொன்னது?

“கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது என்னமோ விட்டுப்போச்சு சார்.”

நான்தான் சொன்னேன் அதை. என் குரல்தான்.

பிள்ளைகள் போனபிறகு என்னை நிறுத்தி, “இந்த மாசத்தோட அந்தப் பொண்ணை நிறுத்திருவோம். நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க” என்றார். சரி சார் என்றேன். சரி சாராம்.

5-10-94, புதன்

கிறிஸ்டோபர் என் மேஜைக்கு வந்து நின்றான்.

“கம்ப்யூட்டர் தானா எதையும் விடாது மேடம். சொன்னதைத்தான் செய்யும்.”

“வேலையைப் போயிப் பாரு.”

“பாக்குறேன்.”

மத்தியானம் ஈவாவைக் கூப்பிட்டேன். நிறுத்தப்போகிற விஷயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு. அழித்த பெயர்களை எங்கிருந்து பிடிப்பது, மறுபடி கணக்கெடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

“அழிக்கல மேடம். அழிச்ச மாதிரி குறி மட்டும் போட்டு வச்சேன். பட்டியல்ல வராது, ஆனா உள்ள இருக்கும். ஒரு வார்த்தை அடிச்சாப் போதும், பத்தொன்பதும் வந்துரும்.”

“ஏன் அப்படிப் பண்ணின?”

“நீங்க சொன்னது தப்போன்னு எனக்குச் சந்தேகமா இருந்துச்சு.”

கோபமே இல்லாமல் சொன்னாள். கேட்கிறவளுக்குத்தான் காது சுட்டது.

பெயர்கள் இருக்கின்றன. ஆனால் எந்தப் பெயர் எந்த ஆள் என்று யாராவது போய் எழுதி வர வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்துக் கமிட்டி பையை வெளியே விடாது.

6-10-94, வியாழன்

தலைவலி. பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்தேன்.

9-10-94, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஐயாத்துரை என்றால் எங்கள் தெருவில் சாந்தமான மனுஷன் என்று பேர். இரும்புக் கடையில் ஆணியும் கீலும் விற்கிறவர், ஆபீஸ் விவகாரம் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“சொன்னா உன்னைத் தூக்குலயா போடப்போறாக? ஆனா சொல்றதா இருந்தா நாளைக்கே சொல்லிரு. தள்ளிப்போட்டா நீ சொல்ல மாட்ட. உன்னைப் பத்தி எனக்குத் தெரியும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரசம் கேட்டார், ஊற்றவில்லை. பிறகு ஊற்றினேன்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். நான் பயப்படுவது வேலைக்காக இல்லை. எனக்கு வேலை போகாது. அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர்கள் என்னைப் பார்ப்பார்களே, அதற்காக. அற்பம். அற்பம்தான். இதற்காக ஒரு பெண்ணின் சோற்றில் கை வைத்திருக்கிறேன்.

10-10-94, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் பையைக் கூட மேஜையில் வைக்காமல் நேரே ஜான்ராஜ் சார் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னேன். படிவத்தைப் படிக்காமல் சரி என்றது, ஈவா இரண்டு நாள் கேட்டது, எடு என்று நான் சொன்னது, எல்லாம். சொல்லி முடித்ததும் மூச்சு லேசானது.

அவர் சிரித்தார்.

“உக்காருங்க மேடம். உங்களுக்குப் பெரிய மனசு. சின்னப் பொண்ணு வேலை போகுதேன்னு பழியை நீங்க ஏத்துக்கிறீக. பதினோரு வருஷமா அந்த ஊருக்குப் போயி வாரவுகளுக்கா ஜக்கம்மாளைத் தெரியாது?”

“இல்ல சார், நெசமாவே நான்தான்—”

“போதும் மேடம். நானும் முப்பது வருஷம் தலைமையாசிரியரா இருந்தவன். ஒருத்தர் இன்னொருத்தருக்காகப் பேசுறதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா எனக்கு? சரி, உங்க முகத்துக்காக அவளை வச்சுக்கிறேன். டிசம்பர் வரைக்கும் பாப்போம்.”

மணியடித்து அவளை வரவழைத்தார். நான் இருக்கும்போதே சொன்னார். “உன் தப்பை மேடம் தன் தலைல போட்டுக்கிறாக. இப்படி ஒரு மேலாளர் யாருக்குக் கிடைக்கும்? நன்றி சொல்லு.”

ஈவா என்னைப் பார்த்தாள். நாலாம் தேதிக்குப் பிறகு முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

“நன்றி மேடம்.”

11-10-94, செவ்வாய்

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜான்ராஜ் சார் படித்துவிட்டு இழுப்பறையில் போட்டுக்கொண்டார். “இதெல்லாம் ஃபைல்ல போனா உங்களுக்குத்தான் கெட்ட பேரு” என்றார். சாயங்காலம் பியூன் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது, நான் எவ்வளவு நல்லவள் என்று.

15-10-94, சனி

நானும் ஈவாவும் மேலக்கரிசல்பட்டிக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. கிழக்கே மேகம் கட்டி நின்றது, காடெல்லாம் உழுது காத்துக் கிடந்தது. அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

பத்தொன்பது பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள் ஈவா. கிணத்து வீட்டு, பட்டாளத்து, ஒத்தைமாட்டு, புளியமரத்து, மைக்செட்டு. மைக்செட்டு ஜக்கம்மாள் வயசான ஆள். மைக்செட் வைத்திருப்பது பேரன், பட்டம் மட்டும் இவளுக்கு. அந்த இடமே கொஞ்சம் கலகலப்பாகத்தான் இருந்தது. அப்போது கிணத்து வீட்டு ஜக்கம்மாள் கேட்டாள்.

“எங்க பேரையெல்லாம் அழிச்சது இந்தப் பிள்ளைதானாமில்ல?”

ஈவா எழுதிக்கொண்டே இருந்தாள்.

“இல்ல ஜக்கம்மா. இவ வந்து பாக்கணும்னுதான் சொன்னா. எடுக்கச் சொன்னது நான்.”

இவளும் சிரிப்பாளோ, பெரிய மனசு என்பாளோ என்று நினைத்தேன். அவளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. உடனே நம்பினாள். முகம் மட்டும் மாறியது.

“நீங்களா? உங்களுக்குத்தான் எங்களைத் தெரியுமே.”

இதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

திரும்பி நடக்கும்போது ஈவாதான் முதலில் பேசினாள்.

“சார்கிட்ட நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு மேடம். கதவு திறந்துதான் இருந்துச்சு.”

“நம்ப மாட்டேங்குறாரே, ஈவா.”

“நாலாம் தேதி சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு.”

பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றோம். முதல் தூறல் விழுந்தது. பட்டியல் நனையாமல் இருக்கத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

18-10-94, செவ்வாய்

பத்தொன்பது பையும் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்டோபர் பட்டப்பேரோடு வாசித்தானாம், ஒரு குழப்பமும் இல்லையாம். இரண்டு பேரையும் இனி ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். பதிவேட்டை அவர்கள் அறையிலேயே வைத்துவிட்டேன்.

24-10-94, திங்கள்

நல்ல மழை. திருச்சுழி பஸ் குண்டாற்றுப் பக்கம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. எல்லோர் முகத்திலும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், இருந்தாலும் உட்கார முடியவில்லை, படிக்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

ஜான்ராஜ் சாரிடம் இரண்டாம் முறையும் பேசிப் பார்த்தேன். “இன்னுமா அதை விடலை நீங்க?” என்றார்.

30-11-94, புதன்

ஈவா போகிறாள். மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. “இங்க இருந்தா யாரோ விட்டுக் குடுத்து இருக்கிற மாதிரி இருக்கு மேடம்” என்றாள். அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றாள்.

நானே அடித்துத் தருகிறேன் என்றேன். கிறிஸ்டோபர் நாற்காலியைக் காலி செய்து கொடுத்தான், சிரிக்கவில்லை. ஒற்றை விரலால், இங்கிலீஷில், முக்கால் மணி நேரம் ஆனது. நேர்மையானவர், திறமையானவர், கவனமானவர். இதெல்லாம் எல்லோருக்கும் எழுதுவது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: கடந்த செப்டம்பரில் பட்டியலில் நடந்த தவறு முழுவதும் என் உத்தரவால் நடந்தது, இவர் அதைத் தடுக்க முயன்றார்.

எழுத்தில், என் கையெழுத்தோடு, அவள் கையில் இருக்கட்டும் என்று.

ஈவா குனிந்து திரையில் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

“இந்தக் கடைசி வரி வேண்டாம் மேடம். அங்க படிக்கிறவுக, என்னமோ தப்பு நடந்திருக்குன்னு மட்டுந்தான் நினைப்பாக.”

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

“எப்படி எடுக்கறது?”

என் விரலைப் பிடித்து ஓரத்தில் இருந்த ஒரு கட்டையின் மேல் வைத்தாள். “இதை அழுத்துங்க. கடைசியில இருந்து ஒவ்வொரு எழுத்தாப் போகும்.”

அழுத்தினேன். அவள் தடுக்கப் பார்த்தது, என் உத்தரவு, நடந்த தவறு என்று ஒவ்வொன்றாகப் போனது. வரி முழுவதும் போகும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அச்சடித்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, நாலே கால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.